இட்டேரியில் ஓட ஒரு சைக்கிள்: இரண்டு வருடக் கைவேலைப் பதிவு

இப்போது ஓட்டும் சைக்கிளை எடுத்த முதல் ஐந்து வாரத்தில் பதினோரு பஞ்சர். ஒவ்வொன்றையும் பழைய கணக்கு நோட்டு ஒன்றில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். எந்த இடம், எந்தச் சக்கரம், என்ன முள். ஏழு வேலிக்காத்தான், இரண்டு வெள்வேல், ஒன்று நெருஞ்சி. மீதி ஒன்று முள்ளால் ஆனதில்லை, காற்றுக் குறைவால் ஆனது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எனக்கு வீடு சென்னிமலையில். அப்பாவும் அம்மாவும் காங்கேயம் போகிற பக்கம் தோட்டத்துச் சாளையில் இருக்கிறார்கள். தார் ரோட்டில் போனால் 13 கிலோமீட்டர், இட்டேரியில் புகுந்தால் 9. வெளியூர்க்காரர்களுக்கு இட்டேரி தெரியாமல் இருக்கலாம். இரண்டு பக்கமும் வேலி அடைத்த காடுகளுக்கு நடுவே மாட்டுவண்டி போக விட்ட தடம் அது. சக்கரம் ஓடிய இரண்டு கோடும் பள்ளமாக இருக்கும், நடுவில் புல் மேடு. செம்மண்ணில் வெள்ளை வெள்ளையாகச் சுக்காங்கல் துருத்திக்கொண்டு நிற்கும். ஓடை குறுக்கிடும் இடத்தில் மணல் பொதபொதவென்று சக்கரத்தை விழுங்கும். வேலி பெரும்பாலும் கிளுவை. அதற்கு அந்தப்புறம் கொறங்காடு, கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேல மரமுமாக மாடு ஆடு மேய்வதற்கென்றே விட்ட நிலம். காங்கேயம் மாடு வளர்ந்ததே இந்தப் புல்லில்தான். வேல மரம் இருக்கிற இடத்தில் முள்ளும் இருக்கும். வேலி கழித்துவிட்டுப் போகிறவர்கள் தடத்தில் சிந்துவது வேறு.

வாரத்தில் மூன்று காலை அந்த வழியில் தோட்டத்துக்குப் போய் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை கீழ்பவானி வாய்க்கால் கரையில் இருபது முப்பது கிலோமீட்டர். என் ஓட்டம் அவ்வளவுதான். பந்தயத்துக்கோ வெள்ளியங்கிரிச் சாரலில் பாறை தாண்டுவதற்கோ வண்டி தேடுகிறவர்களுக்கு இதில் அதிகம் இருக்காது. என்னைப் போல வேலைக்கு நடுவே ஆசைக்கு ஓட்டுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் வண்டி

மூன்று வருடத்துக்கு முன் கடைக்குப் போனபோது என் கண் நேராகப் போய் நின்றது இரண்டு ஷாக் அப்சார்பர் வைத்த வண்டியில். முன்னால் ஒன்று, சீட்டுக்குக் கீழே ஒன்று. இட்டேரிக் குழிக்கு இதுதான் தோது என்று நினைத்துப் பதினாறாயிரம் கொடுத்து எடுத்து வந்தேன். நான் வேலை பார்க்கும் இடத்தில் நூல் எடை போடுகிற தராசு உண்டு. அதில் ஏற்றிப் பார்த்தபோது 18 கிலோ 600 கிராம்.

எடை பாதித் தொல்லைதான். பின்னால் இருந்தது வெறும் கம்பிச்சுருள். சுருள் அமுங்கி எழும்போது அதன் துள்ளலை அடக்க எண்ணெயோ காற்றோ உள்ளே இருக்க வேண்டும், இதில் இரண்டும் இல்லை. மேட்டில் மிதித்தால் மிதியில் ஒரு பங்கு சுருளை அமுக்குவதிலேயே போய்விடும். பள்ளத்தில் இறங்கினால் அமுங்கிய சுருள் திரும்பி எத்தும். அப்பா ஒரு நாள் தோட்டத்தைச் சுற்றி மிதித்துப் பார்த்துவிட்டு, “பழைய வண்டியில இருக்கற இழுவை இதுல இல்லையே கண்ணு” என்று இறங்கிவிட்டார். எழுபது வயதில் அவருக்குக் காலிலேயே தெரிந்துவிட்டது. எனக்கு ஏழு மாதம் ஆயிற்று. உருப்படியான இரட்டை சஸ்பென்ஷன் வண்டிகள் இருக்கின்றன, ஆனால் அவை லட்சத்துக்கு மேல் போகிற சரக்கு. அந்த விலை கொடுக்காதவர்கள் பின் ஷாக் இல்லாத ஹார்ட்டெயிலை எடுப்பதே நல்லது. இதில் எனக்கு இப்போது சந்தேகமே கிடையாது.

அந்த வண்டி சைஸும் எனக்குப் பெரியது. கடையில் யாரும் கால் அளவு கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியாது. முழங்கால் வலி ஒரு பக்கம், கைமணிக்கட்டு மரத்துப்போவது ஒரு பக்கம்.

இரண்டாவது வண்டி: எடுக்கும் முன் பார்த்தவை

இந்தத் தடவை புதிது வேண்டாம் என்று முடிவு செய்தேன். கோயம்புத்தூரில் படிப்பு முடித்து ஊர் திரும்புகிற பையன் ஒருவர் நான்கு வருடம் ஓட்டிய ஹார்ட்டெயிலை விற்றார். பதினைந்தாயிரம். அலுமினிய ஃபிரேம், 27.5 அங்குலச் சக்கரம், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் எட்டு.

போகும் முன் வீட்டிலேயே கால் அளவு எடுத்தேன். செருப்பில்லாமல் சுவரோரம் நின்று, ஒரு தடித்த புத்தகத்தைக் கால் இடுக்கில் சீட் மாதிரி மேலே அழுத்திப் பிடித்து, அதன் மேல் விளிம்பு சுவரில் தொடும் இடத்தில் கோடு. தரையிலிருந்து 77 சென்டிமீட்டர். அதை 0.883-ஆல் பெருக்கினால் 68. இரண்டு பெடல் கம்பிகளும் ஃபிரேமில் சேரும் பெடல் கட்டையின் நடு அச்சிலிருந்து சீட்டின் மேற்புறம் வரைக்கும் இருக்க வேண்டிய தூரம் அது. இந்தக் கணக்கு கல்லில் வெட்டியதில்லை, அரை சென்டிமீட்டர் மேலே கீழே வைத்துப் பழகிக்கொள்ளலாம். ஆனால் கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாக வைப்பதற்கும் இதற்கும் முழங்கால் வித்தியாசம் சொல்லும். அதோடு, வண்டியை இரண்டு காலுக்கும் நடுவில் நிறுத்தி நின்றால் மேல் குழாய்க்கும் உடம்புக்கும் இரண்டு அங்குலமாவது இடைவெளி வேண்டும். சரளைத் தடத்தில் திடீரென்று கால் ஊன்றும்போது அந்த இரண்டு அங்குலம்தான் காப்பாற்றும். என் 168 சென்டிமீட்டர் உயரத்துக்கு எம் சைஸ் சரியாக உட்கார்ந்தது.

வண்டியில் பார்த்தவை: வெல்டிங் ஓரங்களில் மயிரிழை விரிசல், முன் ஃபோர்க் குழாய் பளபளப்பில் கீறல், முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் கழுத்தில் லொடலொடப்பு, சக்கரத்தைச் சுற்றிவிட்டால் கோட்டம். செயினுக்கு ஓர் அடிஸ்கேல் போதும். புதுச் செயினில் ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலின் பூஜ்யத்தை வைத்தால் 12 அங்குலக் கோட்டில் இன்னொரு பின்னின் நடு சரியாக வந்து நிற்கும். அந்தப் பின் கோட்டைத் தாண்டி அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு போயிருந்தால் செயின் மாற்றும் நேரம். எட்டில் ஒரு பங்கு போயிருந்தால் பின் பல்சக்கரங்களையும் தின்றிருக்கும். இந்த வண்டியில் பதினாறில் ஒன்றைத் தொட்டிருந்தது. அதைச் சொல்லி ஐந்நூறு குறைக்கச் சொன்னேன், குறைத்தார்.

இன்னொன்று பலர் கேட்பதில்லை. பின் பல்சக்கரம் பழைய முறையில் மரை போட்டு ஹப்பில் (சக்கரத்தின் நடு உருளையில்) ஏறும் ஃப்ரீவீலா, இல்லை ஹப்பின் மேல் செருகி மாட்டும் கேசட்டா என்பது. பின்னால் ஏழு பல்சக்கரம் உள்ள மலிவு வண்டிகளில் பெரும்பாலும் ஃப்ரீவீல். அதில் அச்சைத் தாங்கும் குண்டுகள் ஹப்பின் உள்ளே தள்ளி இருக்கும், வலது பக்க அச்சு நீளத்துக்குத் தாங்கல் இல்லாமல் நீட்டிக்கொண்டு நிற்கும். கரடுமுரடில் ஓட்டினால் அச்சு வளையும், ஒடியவும் செய்யும். கேசட்டில் குண்டுகள் வலது ஓரத்துக்கே வந்துவிடும். என் முதல் வண்டியில் ஏழு மாதத்தில் இரண்டு முறை அச்சு வளைந்தது இதனால்தான் என்று பின்னால் புரிந்தது.

தராசில் இந்த வண்டி 14 கிலோ 300.

முன் சஸ்பென்ஷனைப் பற்றி ஒரு பத்தி எழுதியே ஆக வேண்டும், எல்லோரும் அதைப் பார்த்துத்தான் வண்டி எடுக்கிறார்கள். இதில் இருப்பது ஸ்பிரிங் ஃபோர்க், 100 மில்லிமீட்டர் அமுங்கக்கூடியது என்று எழுதியிருந்தது. குழாயில் ஒரு ரப்பர் பேண்டைக் கட்டி, மெதுவாக ஏறி உட்கார்ந்து இறங்கினேன். ரப்பர் பேண்ட் 8 மில்லிமீட்டர்தான் நகர்ந்திருந்தது. ஆள் உட்கார்ந்தாலே 20-ஆவது அமுங்க வேண்டும். என் எடை 66 கிலோ, உள்ளே இருக்கும் சுருள் என்னைவிடக் கனமான ஆளுக்கானது. மேலே உள்ள குமிழைத் திருகினால் சுருளின் ஆரம்ப இறுக்கம் மாறும், அதன் கடினம் மாறாது. ஆக, சுக்காங்கல்லின் சின்னச் சின்ன அதிர்வை இந்த ஃபோர்க் வாங்கவே வாங்காது. வாங்கக்கூடியது டயர் ஒன்றுதான். இதைப் புரிந்துகொண்டபிறகுதான் எனக்கு இந்த வண்டியை ஓட்டத் தெரிந்தது.

காற்றும் முள்ளும்

வண்டியை ஊருக்குக் கொண்டுவந்ததும் கடையில் காற்றடித்தேன். கல் மாதிரி இருந்தது. வீட்டுப் பம்பில் மீட்டர் வைத்துப் பார்த்தால் 60 பி.எஸ்.ஐ. பெரிய சைக்கிளுக்குப் பழகிய கை, கட்டை விரல் உள்ளே போகாத வரைக்கும் அடித்துவிடுகிறது. அந்தக் காற்றோடு இட்டேரியில் போனால் ஒவ்வொரு கல்லும் கையில் வந்து பேசும், திருப்பத்தில் சரளை மேல் வழுக்கும். சில வாரம் கழித்து ஒரே அடியாக 22-க்கு இறக்கினேன். பஞ்சுமெத்தை. ஓடைக் கரையில் ஒரு கல்லின் விளிம்பில் பின் சக்கரம் ஏறிய அந்த நொடியில் டயர் முழுக்க அமுங்கி, கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கிவிட்டது. கழற்றிப் பார்த்தால் பாம்பு கொத்தினது மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை. நோட்டில் பதினோராவதாக எழுதியது இதுதான்.

அதற்குப் பிறகு இரண்டிரண்டு பி.எஸ்.ஐ.யாக ஏற்றி இறக்கிப் பார்த்ததில், 2.1 அங்குல டயருக்கும் என் எடைக்கும் முன்னால் 30, பின்னால் 34 என்று நின்றிருக்கிறது. தார் ரோட்டில் அதிகம் போகிற நாளில் 40. மீட்டர் உள்ள ஒரு தரைப் பம்ப் ஆயிரத்து இருநூறு ரூபாய். வண்டியோடு சேர்ந்து முதலில் வாங்க வேண்டிய சாமான் அது.

காற்றைச் சரி செய்தால் முள் போய்விடாதே. ஊர்க் கடைத்தெருவில் நாற்பது வருடமாகச் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணனிடம்தான் போனேன். அவருக்கு முதல் சிக்கல் வால்வு. சாதாரண சைக்கிள் வால்வில் வால் டியூப் போட்டுப் பழகியவர், இந்த ஒல்லி வால்வைப் பார்த்ததும், “ஏனுங் தம்பி, இதுக்குக் காத்து எப்படிங் புடிக்கிறது?” என்றார். நுனியில் இருக்கும் சின்னத் திருகைத் தளர்த்தி ஒரு தடவை அழுத்தி விட்டுப் பிறகு அடிக்க வேண்டும் என்று காட்டினேன். அவர் பம்ப் அதில் உட்காராது. விரல் நுனி அளவு பித்தளை அடாப்டர் ஒன்று முப்பது ரூபாய்க்குக் கிடைக்கிறது, அதைத் திருகிவிட்டால் பைக் வால்வு மாதிரி ஆகிவிடும், எந்தப் பெட்ரோல் பங்கிலும் காற்றடிக்கலாம். ஒன்று அவர் கடையில், ஒன்று என் சீட் பையில், ஒன்று சாவிக்கொத்தில்.

அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அதைவிடப் பெரியது. ஆறாவது பஞ்சரும் ஏழாவது பஞ்சரும் ஒரே இடத்தில் விழுந்திருந்தன. டயரின் உட்புறம் விரலால் தடவிப் பார்த்திருந்தேன், ஒன்றும் தட்டுப்படவில்லை. “வெரலுக்குத் தெரியாதுங் தம்பி. பஞ்சு எடுத்து உள்ளார ஒரு சுத்துத் தடவுங்க. முள்ளு இருந்தா பஞ்சு புடிச்சுக்கும்” என்றார். நூல் நூற்கிற சீமையில் பஞ்சுக்கா பஞ்சம். ஒரு கை அளவு பஞ்சை உருட்டி டயரின் உள்வட்டம் முழுக்க இழுத்தார். ஓரிடத்தில் இழை பிடித்துக்கொண்டு நின்றது. அங்கே வேலிக்காத்தான் முள்ளின் நுனி ஒடிந்து, ரப்பருக்குள் புதைந்து, ஆள் ஏறி உட்காரும்போது மட்டும் வெளியே தலை நீட்டி டியூபைக் குத்திக்கொண்டிருந்தது. ஊசியால் வெளியே தள்ளினோம். அன்றிலிருந்து பஞ்சு இல்லாமல் நான் டயரை மாட்டியதில்லை.

பஞ்சர் ஒட்டுவதில் நான் செய்துகொண்டிருந்த தப்பையும் அவரே பிடித்தார். சொல்யூஷன் தடவியதும் ஈரத்தோடு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். உப்புத்தாளில் பளபளப்புப் போகத் தேய்த்து, ஒட்டைவிட அகலமாகச் சொல்யூஷன் தடவி, ஈரம் போய்ப் பிசுக்கு மட்டும் நிற்கும் வரை ஐந்து நிமிடம் காயவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். ஈரத்தில் ஒட்டினால் வெயிலில் ஓரம் தூக்கும். டயரின் உள்ளே பழைய டியூபை நீளவாக்கில் வெட்டிப் பட்டையாகப் போட்டுவிடலாம் என்றும் சொன்னார், பெரிய சைக்கிளுக்கு அப்படித்தான் செய்வார்களாம். போட்டேன். முள் பஞ்சர் பாதியாகக் குறைந்தது உண்மை. ஆனால் இரண்டு மாதத்தில் அந்தப் பட்டையின் வெட்டிய விளிம்பே டியூபை உரசித் தேய்த்துவிட்டது. காற்று குறைவாக வைக்கிற டயரில் உள்ளே அசைவு அதிகம், அதனால்தான். எடுத்துவிட்டேன்.

கடைசியில் கை கொடுத்தது சீலன்ட். ரப்பர் பால் மாதிரி ஒரு திரவம், அதில் நுண்ணிய நார்த்துகள். முள் குத்திய ஓட்டை வழியாகக் காற்றோடு வெளியே வரும்போது துகள் போய் அடைத்துக்கொள்ள, பால் உறைந்து அடைப்பாகிவிடும். வால்வின் நடுப்பகுதி கழற்றக்கூடியதாக இருக்கும் டியூபாகப் பார்த்து வாங்கி, அதன் வழியே ஒரு டியூபுக்கு 100 மில்லி ஊற்றினேன். வழியில் முள்ளைப் பார்த்தால் பிடுங்கிவிட்டு, அந்த ஓட்டை தரையைப் பார்க்கும்படி சக்கரத்தைத் திருப்பி அரை நிமிடம் நிற்க வேண்டும். வெள்ளையாகக் கொஞ்சம் கொப்பளிக்கும், நின்றுவிடும். இரண்டு பம்ப் அடித்தால் கிளம்பலாம். டியூப் இல்லாமலே ஓட்டலாமே என்று கேட்பார்கள். என் ரிம் அதற்கானது இல்லை, காற்று குறைவாக வைக்கும்போது டயர் விளிம்பு நழுவும் என்பதால் நான் தொடவில்லை.

சீலன்டுக்கு நம் வெயில் ஆகாது. சித்திரையில் ஊற்றியது ஆடிக்குள் டியூபுக்குள்ளேயே காய்ந்து ரப்பர் உருண்டையாகிவிடுகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 50 மில்லி சேர்க்கிறேன். காற்றடிக்கும்போது வால்வு மேற்பக்கம் இருக்க வேண்டும், கீழே இருந்தால் பால் வால்வுக்குள் ஏறி அடைத்துவிடும். இதற்குப் பிறகான ஒன்றே முக்கால் வருடத்தில் நோட்டில் இருக்கும் பஞ்சர் நான்கு.

கியர்

இரண்டாம் மாதம் மணலில் வலது பக்கமாக விழுந்தேன். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்து ஏறினால், பெரிய பல்லுக்கு மாற்றும்போது, செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் பின் டிரேய்லர் ஸ்போக் கம்பியில் ‘டிக் டிக்’ என்று தட்டியது. இன்னும் ஒரு மிதி மிதித்திருந்தால் உள்ளே போய் மாட்டிச் சக்கரத்தையே கிழித்திருக்கும். இறங்கித் தள்ளிக்கொண்டே வந்தேன்.

டிரேய்லரை ஃபிரேமோடு சேர்க்கும் ஹேங்கர் என்ற சின்ன அலுமினியத் துண்டு வளைந்திருந்தது. விழுந்தால் ஃபிரேம் வளையாமல் தான் வளைந்துகொடுக்க வேண்டும் என்பதற்காகவே அதை மெத்தென்று செய்கிறார்கள். நிமிர்த்துவதற்குத் தனிக் கருவி உண்டு, விலை அதிகம். நான் செய்தது இது. டிரேய்லரைக் கழற்றினால் ஹேங்கரில் 10 மில்லிமீட்டர் மரை ஓட்டை இருக்கும். பல கியர் சைக்கிளின் பின் அச்சிலும் அதே மரை. நண்பர் வண்டியின் பின் சக்கரத்தை இரவல் வாங்கி, அதன் அச்சு நுனியை அந்த ஓட்டையில் நாலு சுற்றுத் திருகினால், நம் சக்கரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சக்கரம் நிற்கும். இரண்டு ரிம்முக்கும் இடையே மேலே, கீழே, முன்னால், பின்னால் அளந்தேன். கீழே 31 மில்லிமீட்டர், மேலே 52. இரவல் சக்கரத்தைப் பிடித்து மெதுவாக நெம்பி, நான்கு இடமும் இரண்டு மில்லிமீட்டருக்குள் ஒத்து வரும்வரை பொறுமையாகத் திருத்தினேன். அலுமினியம் முன்னும் பின்னும் பலமுறை வளைவதைத் தாங்காது. ஒரு தடவை நிமிர்த்தியதோடு புது ஹேங்கர் தேடத் தொடங்கிவிட வேண்டும். ஒவ்வொரு மாடலுக்கும் வடிவம் வேறு என்பதால் நான் மூன்று வாரம் அலைந்துதான் வாங்கினேன். இப்போது இரண்டு வைத்திருக்கிறேன்.

நிமிர்த்தியபிறகு திருகுகள். எச் என்று எழுதியது சின்னப் பல்லைத் தாண்டிச் செயின் வெளியே விழாமல் தடுப்பது, எல் என்று எழுதியது பெரிய பல்லைத் தாண்டி ஸ்போக்குக்குள் போகாமல் தடுப்பது. இவை இரண்டையும் முதலில் சரி செய்துவிட்டுத்தான் கேபிள் இறுக்கத்தைத் தொட வேண்டும். நான் முதலில் கேபிளைத் திருகித் திருகி ஒரு சாயங்காலத்தை வீணாக்கினேன். பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கினால் கேபிள் முனையில் இருக்கும் உருளைத் திருகை இடப்பக்கம் அரைச் சுற்று. சின்னப் பல்லுக்கு இறங்கத் தயங்கினால் வலப்பக்கம் அரைச் சுற்று. அவ்வளவுதான் அந்த வித்தை.

எத்தனை கியர் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. அப்புச்சியின் ஹெர்குலிஸில் முன்னால் 44 பல், பின்னால் 18. ஒரு மிதி சுற்றினால் வண்டி ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் போகும். என் வண்டியில் 22-க்கு 34 போட்டால் ஒரு சுற்றுக்கு 1 மீட்டர் 40 தான். மேட்டுக்காக மட்டும் நான் அதைத் தேடுவதில்லை. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று இங்கே அம்மியைப் பறக்கவைக்கிறதோ இல்லையோ, வாய்க்கால் கரை மேட்டில் மேற்கே பார்த்துப் போகிற சைக்கிளை நிறுத்திவிடும். அந்த நாளில் சின்னப் பல்லைப் போட்டு உட்கார்ந்த இடத்தில் மிதித்துக்கொண்டே இருப்பதைத் தவிர வழியில்லை. மற்ற மாதங்களில் 24 கியரில் நான் தொடுவது ஆறு. முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் அகலமான கேசட் என்று இப்போது வரும் வண்டிகளை எடுப்பதற்கு இதுவே நல்ல காரணம், பழுதாக ஒரு டிரேய்லர் குறைவு.

பிரேக், எண்ணெய், தண்ணீர்

கடுமையான தப்பு ஒன்று நான் செய்தது பிரேக்கில். செயினுக்கு ஸ்பிரே எண்ணெய் அடித்தேன், பின் சக்கரம் மாட்டியிருந்த நிலையில். தூவல் டிஸ்க்கில் பட்டுவிட்டது. மறுநாள் சென்னிமலை மலைப்பாதையில் இறங்கும்போது பின் பிரேக் கூச்சல் போட்டது, பிடி பாதிகூட இல்லை. 1,320 படிக்குப் பக்கத்தில் வளைந்து வளைந்து நாலு கிலோமீட்டர் இறங்கும் ரோடு அது, எதிரே வேன்கள் ஏறி வரும். முன் பிரேக்கை மட்டும் விட்டு விட்டுப் பிடித்து இறங்கினேன்.

மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் சுத்தத் துணியை நனைத்து டிஸ்க்கைத் துடைத்தால் டிஸ்க் சுத்தமாகிவிடும். பேட் அப்படியல்ல, எண்ணெயைக் குடித்துக்கொள்ளும். உப்புத்தாளில் தேய்த்தேன், இரண்டு நாள் நன்றாக இருந்து மறுபடி கத்தியது. புதுப் பேட் போட்டதும்தான் தீர்ந்தது. புதுப் பேட் உடனே பிடிக்காது. சமதளத்தில் ஓரளவு வேகமெடுத்து, சக்கரம் நிற்காத அளவுக்கு அழுத்தி வேகத்தைக் குறைத்து, மறுபடி வேகமெடுத்து என்று இருபது தடவை செய்தால் பேட் பூச்சு டிஸ்க்கில் ஒரே சீராக ஏறும். இப்போது செயினுக்கு ஸ்பிரே கிடையாது. மெழுகு கலந்த சொட்டு எண்ணெய், கண்ணிக்கு ஒரு சொட்டு, பத்து நிமிடம் கழித்து வெளிப்புறத்தை வறண்ட துணியில் துடைத்தல். ஈரப்பசையான எண்ணெய் போட்டால் நம் செம்மண் புழுதி ஒட்டி அரைமாவாகிச் செயினைத் தின்றுவிடும்.

ஹைட்ராலிக் பிரேக்கில் எந்த எண்ணெய் என்று லீவரிலேயே எழுதியிருக்கும். ஷிமானோவுக்கு மினரல் ஆயில். டாட் திரவம் கேட்கும் பிரேக்குகள் வேறு. ஒன்றில் மற்றதை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டுவிடும். பஞ்சர் பார்க்க வண்டியைத் தலைகீழாகப் போட்டபிறகு லீவர் சில சமயம் மெத்தென்று போகும். நிமிர்த்தி வைத்துப் பத்துப் பதினைந்து தடவை அழுத்திவிட்டு, இறுகிய பிறகே ஏற வேண்டும்.

வாய்க்காலுக்குத் தண்ணீர் திறக்கும் ஆகஸ்ட் மாதத்துக்குப் பிறகு கரையோரக் கசிவிலும் ஓடையிலும் சக்கரத்தை இறக்கி ஏற்றினேன். மாசியில் முன் சக்கரத்தைக் கையால் சுற்றியபோது மணல் அரைக்கிற மாதிரி ஓர் உணர்வு. ஹப்பைப் பிரித்தால் கிரீஸ் காபித்தூள் நிறம். முன் ஹப்பில் பக்கத்துக்குப் பத்து, மொத்தம் இருபது குண்டு. ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, வெளிச்சத்தில் பார்த்து, புள்ளி விழுந்தவை தென்பட்டதால் எல்லாவற்றையும் மாற்றினேன். பழையதையும் புதியதையும் கலந்து போடக்கூடாது. கோன் நட்டை இறுக்குவதில்தான் கைப்பழக்கம் வேண்டும். அச்சை விரலால் சுற்றினால் உரசக்கூடாது, ஆட்டினால் மயிரிழை ஆட்டம் இருக்கலாம். சக்கரத்தை மாட்டி குவிக் ரிலீஸ் லீவரை மடக்கும்போது அந்த மயிரிழையும் போய்விடும். முதல் தடவை எனக்கு இரண்டு மணி நேரம், கடை அண்ணனுக்குப் பதினைந்து நிமிடம்.

அந்த வேலையைச் செய்யும்போது எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது மவுண்டன் பைக் என்ற இந்த வகை வண்டி பிறந்த கதை. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மரின் என்ற வட்டாரத்தில் 1970-களில் இளைஞர்கள் சிலர், முப்பது நாற்பது வருடம் பழைய, கனத்த, தடித்த டயர் சைக்கிள்களை மலை மேலே கொண்டுபோய் மண் தடத்தில் இறக்கினார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக், பின் ஹப்புக்குள் இருக்கும். ஒரு இறக்கம் முடிவதற்குள் அந்தச் சூட்டில் ஹப்புக்குள் இருக்கும் கிரீஸ் புகைந்து போய்விடும், கீழே வந்ததும் பிரித்துப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் 1976-இல் அங்கே தொடங்கிய பந்தயத்துக்கு ரீபேக் என்றே பெயர், திரும்ப அடைத்தல் என்று பொருள். மறு வருடம் அவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் இந்தத் தடத்துக்கென்றே புதிதாக ஃபிரேம் செய்தார். ஓவராயில் பார்க்கிற நம் கடைகளில் நடக்கும் அதே கிரீஸ் வேலையின் பெயரில்தான் மவுண்டன் பைக்கின் முதல் பந்தயம் இருக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

இரண்டு வருடத்தில் வண்டி விலைக்கு மேல் ஆன செலவு 9,400 ரூபாய். அதில் டயர் ஒரு ஜோடி 3,200, செயின், பேட், ஹேங்கர் இரண்டு, சீலன்ட், பம்ப். மீதி எல்-கீ செட், செயின் கழற்றும் கருவி, 15 நம்பர் பெடல் ஸ்பேனர். பெடலைக் கழற்றும்போது இடப்பக்கத்துக்கு மரை தலைகீழ் என்பதை மறந்துவிட வேண்டாம். பலம் போட்டு இறுக்கிவிட்டு, துருப்பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

போன மாதத்திலிருந்து மேடேறும்போது கீழே எங்கோ ‘கிர்ட்’ என்று ஒரு சத்தம். பெடல் கட்டைதான் போய்விட்டது என்று நினைத்தேன். நின்றுகொண்டு மிதித்தால் சத்தம் இல்லை, உட்கார்ந்தால் மட்டும் வந்தது. சீட் கம்பியை உருவி, குழாய்க்குள் சேர்ந்திருந்த செம்மண்ணைத் துடைத்து, கொஞ்சம் கிரீஸ் தடவி, 68 சென்டிமீட்டர் அளந்து மறுபடி இறக்கினேன். சத்தம் நின்றுவிட்டது. அளவு நாடா கையில் இருக்கும்போதே மகள் வந்து சுவரோரம் நின்றாள். அவளுக்குக் கால் அளவு 69. பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 61, எஸ் சைஸ் ஃபிரேம் போதும். கோபியில் ஒன்று விலைக்கு இருப்பதாகக் கடை அண்ணன் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அடிஸ்கேலும் பஞ்சும் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் போய்ப் பார்க்கிறோம்.